ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

அக்கா, அந்தப் போன் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா? சண்டைக்கு வரவில்லை. நான் சண்டைக்கு வந்தால் இப்படிக் கேட்டுக்கொண்டு வர மாட்டேன்.

அணைக்க வேண்டாம். குறைத்தால் போதும். அது எங்கள் அண்ணன் படம். திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. அந்த டிரம் அடி வந்தால் என் ரெண்டு விரலும் தானாக வாய்க்குள் போய்விடும். ஓடுகிற பஸ்ஸில் விசில் அடித்தால் டிரைவர் பிரேக் போட்டுவிடுவார். ஏற்கெனவே என் மேல் ஒரு கேஸ் இருக்கிறது, போதும்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நடிகர். பேர் உங்களுக்கே தெரியும், படம் பார்க்கிறீங்களே. என் வாயால் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சிரிக்கிறீங்க. சிரிங்க. சாத்தூரில் ஏறினதிலிருந்து என் மூஞ்சியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீங்களே, எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஆமாம், நான்தான். தியேட்டரில் ஒரு ஆளைப் போட்டு அடித்த பொண்ணு. வீடியோவில் பார்த்த அதே மூஞ்சிதான், சந்தேகமே வேண்டாம். பேர் மாரிக்கனி. அடித்த அன்றைக்குப் பதினெட்டு முடிந்து ஒன்றரை மாதம். "ரெண்டு மாசம் முந்தி அடிச்சிருந்தா சிறுவர் கோர்ட்டோட போயிருக்கும்மா" என்று எங்கள் வக்கீல் வருத்தப்படுகிறார். பிறந்தநாள் பார்த்தா அடிக்க முடியும்?

ஜன்னல் பக்கம் ஒதுங்காதீங்க அக்கா. நான் எல்லோரையும் அடிக்கிறவள் இல்லை. மொத்தம் ரெண்டு பேர்தான். அதில் ஒன்று டிவி.

இப்போது எங்கே போகிறேன் தெரியுமா? மதுரைக்கு. கண் ஆஸ்பத்திரிக்கு. அந்த ஆளைப் பார்க்கத்தான். இடது கண். ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணிவிட்டார்கள். இன்றைக்கு நாலு மணிக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள். பார்வை வந்தால் அவர் மனது வைத்து ராஜி ஆகலாம், கேஸ் லேசாகும். வராவிட்டால் நான் உள்ளே போகவேண்டியதுதான், வருஷக்கணக்கில். வக்கீல் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார், நான் பார்க்கவில்லை. அம்மா இந்தப் பையில் சாத்துக்குடி வைத்துக் கொடுத்து, "கால்ல விழுந்திரு, வேற எதுவும் பேசாத" என்று சொல்லி அனுப்பினாள். விழுவேன். விழுவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுந்து ஒரு கேள்வி கேட்பேன். ஒன்றே ஒன்று.

"ஏன் சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாமா இல்லையா, நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்க. திருமங்கலம் வருவதற்குள் முடித்துவிடுவேன். நான் இழுத்துப் பேசுகிற ஆள் இல்லை.

எங்கள் ஊர் சாத்தூருக்கு மேற்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் ஏழு, தியேட்டர் ஒன்று. கனகவேல் தியேட்டர். நானூறு சீட். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். பெண்கள் பக்கம் ஆறு ஃபேன், சுற்றுவது ரெண்டு. சீட்டில் பஞ்சு கிடையாது, ஸ்பிரிங் குத்தும். நாங்கள் தாவணியை மடித்துப் போட்டு உட்காருவோம்.

நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. உட்கார முடியவில்லை. நாற்பது நிமிஷம் ஒருத்தர் பேசிக்கொண்டே இருப்பார், நாம் வாயை மூடிக்கொண்டே இருக்கணும், என்னால் ஆகாது. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற வேலை. அங்கேயும் வாயை மூடத்தான் சொல்வார்கள், ஆனால் கையாவது ஓடும்.

விசில் மட்டும் எனக்கு நாலாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. ரெண்டு விரல் வைத்து அடித்தால் மூன்று தெரு கேட்கும். ஆனால் எங்கே அடிப்பது? வீட்டில் அடித்தால் அப்பா அறைவார். தெருவில் அடித்தால் எவனாவது பின்னாலேயே வருவான். ஆபீஸில் அடித்தால் கணக்குப்பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டு விடுவார். தியேட்டரில் அடித்தால் இன்னொருத்தி திருப்பி அடிப்பாள். அவ்வளவுதான் அக்கா. அதற்குத்தான் போவது. கதையா பார்க்கப் போகிறோம்? அண்ணன் படத்தில் எந்தக் காலத்தில் கதை இருந்தது?

நாங்கள் எட்டுப் பேர் செட்டு. நானும் செண்பாவும்தான் தலை. செண்பா என்றால் செண்பகவல்லி, எனக்குப் பக்கத்து மேசையில் லேபிள் ஒட்டுகிறவள். படம் ரிலீஸ் என்றால் ஒரு வாரம் முன்னாடியிருந்தே லேபிள் வேஸ்ட்டைச் சாக்கில் சேர்ப்போம். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருக்கும். பொடிப்பொடியாகக் கிழித்து வைத்து, அண்ணன் முகம் முதல் தடவை தெரியும்போது மேலே வீசுவோம். ஃபேன் காற்றில் அது கீழே விழவே ரெண்டு நிமிஷம் ஆகும்.

போன வருஷம் அண்ணன் படம் தியேட்டருக்கே வரவில்லை. நேராகப் போனுக்குப் போய்விட்டது. செண்பா போனில்தான் பார்த்தோம். எட்டுப் பேர், ஆறு இன்ச். அண்ணன் என் கட்டைவிரல் அளவு இருந்தார். கதவை உதைத்துக்கொண்டு வருகிறார், நாங்கள் எட்டுப் பேரும் வாயில் விரலை வைத்துவிட்டோம், முகம் தெரியப் போகிறது, அப்போது சுற்ற ஆரம்பித்தது பாருங்க அந்த வட்டம். அண்ணன் மூக்கு மேல் வட்டம் சுற்றுகிறது. நாங்கள் விரலை எடுக்கவில்லை. எச்சில் முழங்கை வரைக்கும் வடிகிறது. ஒருவழியாக முகம் வந்தது, நான் மட்டும் அடித்தேன். அப்பா உள்ளேயிருந்து வந்து செவிட்டில் ஒன்று விட்டார். காதுக்குள் அரை மணி நேரம் அந்த விசில்தான் கேட்டது.

மறுநாள் அதே படத்தைச் சங்கரலிங்கம் டீக்கடையில் டிவியில் போட்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகிற வழியில் நின்றேன். அதே சீன். ஒரு ஆள் பல் குத்துகிறான். ஒரு ஆள் வடை கேட்கிறான். அண்ணன் கதவை உதைக்கிறார், அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் சொல்கிறான், "இத மாத்துய்யா, தங்கம் விலை என்னன்னு பாப்போம்."

கையில் டம்ளர் இருந்தது. எறிந்துவிட்டேன். ஒரு டம்ளர்தான். டிவி நடுவில் கருப்பாகப் போய், சுற்றிச் சுற்றி விரிசல் விட்டது. சங்கரலிங்கம் என் சடையைப் பிடித்து ரோடு வரைக்கும் இழுத்தார். இந்தப் புருவத்தில் தெரிகிறதா, கோடு மாதிரி? அது அவர் பைப்பால் போட்ட அடி. மூன்று தையல். நான் அவரைத் திட்டவே மாட்டேன். அவர் டிவியை நான் உடைத்தேன், அவர் என்னை உடைத்தார். சரியாகப் போய்விட்டது. அப்படி முடிகிற சண்டை எனக்குப் பிடிக்கும்.

இது அப்படி முடியவில்லை.

இந்தப் படம், நீங்கள் பார்க்கிறீங்களே இது, தியேட்டருக்கு வருகிறது என்றதும் எங்களுக்கு ஆட்டம்தான். ஆனால் தியேட்டர் மேனேஜர் சீனிவாசகம் மூஞ்சி சரியில்லை. நல்ல மனுஷன். பெண்கள் பக்கம் எவனாவது எட்டிப் பார்த்தால் டார்ச்சாலேயே மண்டையில் போடுவார். அவர் எங்களைக் கூப்பிட்டு, "தாயி, கம்பெனிக்காரன் நம்ம ஊருக்குப் படம் தரவே யோசிக்கான். நாலு வாரத்துல போன்ல வரப்போகுது, அந்த ஊர்ல எவன் வந்து பாப்பான்ங்கான். இந்தப் படம் ஒண்ணுதான். இதுல நெறஞ்சு காட்டுனா தொடர்ந்து தருவான். இல்லன்னா பூட்டிர வேண்டியதுதான்" என்றார்.

"நெறஞ்சு காட்டுதோம்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் அக்கா. ஏழு தீப்பெட்டி ஆபீஸுக்கும் நானும் செண்பாவும் நடந்தோம். வராதவளிடம் இனிமேல் பேச மாட்டேன் என்றேன், ரெண்டு பேரை அடித்துவிடுவேன் என்றேன். எல்லோரும் வந்தார்கள்.

சீனிவாசகம் இன்னொன்றும் சொன்னார். அதைப் போலீஸில் நான் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எவனாவது போனத் தூக்கித் திரையப் படம் எடுத்தா விடாதீங்க தாயி. மத்தியானமே அது ஊர் ஊராப் போயிரும். கைய ஒடிங்க" என்றார். தியேட்டர் வாசலில் போர்டே இருந்தது. திரையைப் படம் எடுத்தால் கடும் நடவடிக்கை. கடும் நடவடிக்கை என்றால் என்ன என்று போர்டில் போடவில்லை. நாங்கள் அடி என்று எடுத்துக்கொண்டோம். வேறு என்ன என்று எடுத்துக்கொள்வது?

காலை ஒன்பது மணிக் காட்சி. நானூறு சீட்டுக்கு அறுநூறு பேர். நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு தாழ்ப்பாள் பிய்ந்துவிட்டது. உள்ளே நுழையும்போதே ஒருத்தி முழங்கை என் உதட்டில் பட்டு ரத்தம். நான் துடைக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

படம் ஆரம்பித்துப் பதினோராவது நிமிஷம். மழை. அண்ணன் முதுகு தெரிகிறது. சட்டை மட்டும். திரும்பப் போகிறார். டிரம் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் எழுந்து நிற்கிறோம், ஒரு கையில் லேபிள் பொடி, ஒரு கை வாயில்.

அப்போது ஒரு ஆள் திரைக்கு முன்னால் அந்தச் சின்ன மேடையில் ஏறினார்.

வெள்ளைச் சட்டை. ஐம்பது வயசு இருக்கும். எங்கள் ஊர் ஆள் இல்லை. ஏறி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். அக்கா, அண்ணன் திரும்புகிற நேரத்தில் அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான்! அவன் தலை நிழல் சரியாக அண்ணன் நெஞ்சில் விழுகிறது. அண்ணன் திரும்பினார். முகம் பாதி திரையில், பாதி இந்த ஆள் சட்டையில். அந்த ஆள் கையில் போன். போனில் லைட் எரிகிறது.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. போன் எங்கள் பக்கம் அல்லவா பார்க்கிறது? படம் எடுக்கிறவன் திரையைப் பார்த்துத்தானே பிடிப்பான்? இதை நான் யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போதுதான் செண்பா என் காதில் கத்தினாள். "செல்ஃபி கேமராவுல எடுக்கான்டி! முன்னாடி நம்மளக் காட்டுத மாதிரி காட்டிட்டு, பின்னாடி ஓடுத படத்த எடுக்கான்டி!"

யோசித்துப் பாருங்க, சரியாகத்தானே இருக்கிறது? செல்ஃபி எடுத்தால் பின்னால் இருக்கிறதுதானே விழும்? எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. "திருட்டுப் பயல்!" என்று நாலு பேர் கத்தினார்கள். என்ன ஒரு தந்திரம் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவரில் ஏறினேன். ஆண்கள் பக்கம் குதித்தேன். எவன் தோள், எவன் தலை என்று தெரியாது, மிதித்துக்கொண்டே போனேன். விரலை வாயிலிருந்து எடுத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அந்த ஆள் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. ஏதோ சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு நிதானம் முழுதாகப் போய்விட்டது. மாட்டிக்கொண்டவன் சிரிப்பானா? அவ்வளவு திமிரா?

மேடையில் ஏறிப் போனைப் பிடுங்கினேன். விட மாட்டேன் என்றார். விரலைக் கடித்தேன். விட்டார். அதே போனாலேயே அடித்தேன். முதல் அடி காதில். ரெண்டாவது பல்லில், சத்தம் கேட்டது. மூன்றாவது அவர் தலையைத் திருப்பிவிட்டார். திருப்பாமல் இருந்திருந்தால் கன்னத்தில்தான் பட்டிருக்கும். போன் முனை நேராகக் கண்ணில் போனது. கோழி முட்டையை விரலால் அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. என் கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் நாலாவது ஒன்று அடித்தேன். மாற்றிச் சொல்ல எனக்கு வராது, நாலு.

அதற்குப் பிறகு விழுந்தது என் அடி இல்லை. ஆண்கள் பக்கமிருந்து ஏழெட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். விலாவில் உதைத்தார்கள், ஒருத்தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டான், ஒருத்தன் சீட் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அவர்கள் பேர் ஒன்றுகூடக் கேஸில் இல்லை. வீடியோவில் என் மூஞ்சி மட்டும்தான் தெரிகிறதாம்.

அந்த ஆள் கீழே விழுந்து, பின்னாலேயே நகர்ந்து போய், எழுந்திருக்கத் திரையைப் பிடித்தார். இருட்டில் சுவர் என்று நினைத்திருப்பார். அது துணி அக்கா. சன்னச் சன்னமாக ஓட்டை போட்ட துணி, அதன் வழியாகத்தான் சத்தம் வரும். மேலேயிருந்து கீழே வரைக்கும் கிழிந்தது. வேட்டியைக் கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பு, ஆனால் அறுநூறு பேருக்கும் கேட்டது. படம் நிற்கவில்லை. அண்ணன் ஒரு கண் துணியில், ஒரு கண் பின்னால் இருந்த சுவரில். ரெண்டு முகமாக வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினார். லேபிள் பொடி இன்னும் விழுந்துகொண்டே இருந்தது. நான்தான் சொன்னேனே, ரெண்டு நிமிஷம் ஆகும் என்று. கீழே கிடந்தவர் சட்டை முழுக்கச் சிவப்பு. எது லேபிள், எது மற்றது என்று தெரியவில்லை.

அவர் கத்தினார். "அய்யோ" என்று இல்லை, வார்த்தையே இல்லாமல் ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த அவர் சத்தம் அது ஒன்றுதான்.

லைட் போட்டார்கள். சீனிவாசகம் ஓடி வந்தார். அந்த ஆள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, "தேவசகாயம் சார்... தேவசகாயம் சார்..." என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையில் டார்ச் இருந்தது. அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

கம்பெனியிலிருந்து தலை எண்ண வருகிற ஆளாம் அவர். ரெப்பு என்பார்கள். ஒவ்வொரு தியேட்டராகப் போய் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. கம்பெனி முதலாளி எங்கள் ஊருக்குப் படம் தராதே என்று சொல்ல, இவர்தான் தந்து பாருங்க சார் என்று வாதாடி வாங்கினாராம். படம் ஆரம்பித்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறார், சீனிவாசகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக உள்ளே வந்துவிட்டார். முதலாளிக்கு வீடியோ கால் போட்டு, கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களைத்தான் எடுத்திருக்கிறார், அக்கா. பின்னால் ஓடிய படத்தை இல்லை.

முதலாளி சென்னையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பதிவும் பண்ணியிருக்கிறார். எங்கள் தியேட்டரிலிருந்து நேரலையாகப் போனது ஆயுசுக்கும் அது ஒன்றுதான். நான்தான் கதாநாயகி.

சரி. இப்போது சொல்லுங்க. இவ்வளவு இருக்கிறது இல்லையா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா கூடாதா? மேடையில் ஏறினதும், "நான் கம்பெனி ஆளு, உங்களத்தான் எடுக்கேன், எல்லாரும் கையக் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை? காட்டியிருப்போமே! ஆடிக் காட்டியிருப்போமே! வாயைத் திறக்காமல் பூனை மாதிரி ஏறி நின்றால் எப்படித் தெரியும்?

ஸ்டேஷனில் லேடி எஸ்.ஐ. விட்ட அறையில் இந்தக் கடைவாய்ப் பல் ஆடிவிட்டது. "பொம்பளப் புள்ள செய்யுற வேலையா இது?" என்று கேட்டார். ஆம்பளை செய்தால் சரியா என்று நான் திருப்பிக் கேட்டேன். இன்னொன்று விழுந்தது. அது பரவாயில்லை. மறுநாள் அண்ணன் அறிக்கை விட்டார். "இப்படிப்பட்டவர்கள் என் ரசிகர்களே அல்ல." செண்பா படித்துக் காட்டினாள். ஜாமீன் கிடைத்து வந்த அன்றைக்கு வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அண்ணனை நகத்தால் சுரண்டி எடுத்தேன். கண் மட்டும் வரவில்லை, பசை கெட்டியாகிவிட்டது. இன்னும் சுவரில் இருக்கிறது, ரெண்டு கண் மட்டும். நான் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

தியேட்டரா? பூட்டியாகிவிட்டது. இனிமேல் அங்கே ஒரு கம்பெனியும் படம் தராது. இப்போது அது குடோன். யாருடைய குடோன்? எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் குடோன்தான். சீட்டையெல்லாம் பிடுங்கிப் பண்டல் அடுக்கியிருக்கிறார்கள். போன வாரம் நானே தலையில் சுமந்துகொண்டு போய் அடுக்கினேன். கிழிந்த திரை அப்படியே தொங்குகிறது. கீழே மூலையில் லேபிள் பொடி கிடந்தது. எங்களுடையதா, பண்டலிலிருந்து உதிர்ந்ததா, தெரியவில்லை.

இந்தப் போன்தான் அக்கா தியேட்டரைக் கொன்றது. ஊரில் எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். நான் என்ன செய்தேன்? போனில் படம் வராமல் இருந்தால் கம்பெனிக்காரன் யோசித்திருப்பானா? யோசிக்காமல் இருந்தால் இந்த ஆள் தலை எண்ணப் போனைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பாரா? எல்லாம் போனால் வந்தது. நாலு வாரம் கழித்து, சொன்ன தேதியில், படம் போனில் வந்துவிட்டது. நீங்கள் ஜாலியாகப் பார்த்துக்கொண்டு வருகிறீங்க. உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் கால் நீட்டிப் பார்க்கிறீங்க, பாதியில் நிறுத்தி வாட்ஸப் பார்க்கிறீங்க, திரும்ப ஓட்டுறீங்க. பார்க்கலாம். யார் கண்ணிலும் ரத்தம் வரவில்லை. நான் பார்த்தது பதினோரு நிமிஷம். அதோடு சரி. கடைசியில் அண்ணன் செத்துப்போகிறாராமே? வேண்டாம், சொல்லாதீங்க.

திருமங்கலம் தாண்டிவிட்டதா? பேசினதில் தெரியவில்லை.

என்னது? அந்த வீடியோவா? நான் பார்த்திருக்கிறேன் அக்கா. செண்பா போனில் காட்டினாள். என் மூஞ்சி பெரிசாகிப் பெரிசாகி வரும், பின்னால் அண்ணன் மியூசிக் போட்டிருப்பார்கள், நான் சுவரைத் தாண்டும்போது சிங்கம் உறுமுகிற சத்தம் வரும். எவனோ வேலை இல்லாதவன் போட்டது. நாற்பது லட்சம் பேர் பார்த்தார்களாம். கனகவேலில் நானூறு சீட்.

மியூசிக் போடாததும் இருக்கிறதா? கம்பெனிக்காரர்கள் கொடுத்ததா, நியூஸில் வந்ததா? நான் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் காட்டினார்கள், ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் காட்டினார்கள், மூஞ்சியை அடையாளம் சொல்லு போதும் என்று.

போடுங்க. பார்ப்போம்.

அடேயப்பா, என்ன கூட்டம் பாருங்க. அதோ அந்தச் சுவர் ஓரம் பச்சைத் தாவணி, அது செண்பா. கடைசி வரிசை வரைக்கும் கை தெரிகிறது, பார்த்தீங்களா? நிறைந்து காட்டுகிறேன் என்று சொன்னேன், காட்டினேனா இல்லையா? அது என் விசில். அந்த நீளமாகப் போகிறதே, அது. இவ்வளவு நல்லாவா கேட்கும்?

யார் அது பேசுகிறது? நடுவில் ஒரு ஆள் குரல் வருகிறதே.

சத்தத்தைக் கூட்டுங்க அக்கா. இன்னும். முழுசாக வைங்க. கண்டக்டர் சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். ஆரம்பத்திலிருந்து போடுங்க.

"...கேக்குதா சார்? சத்தம் கேக்குதா? பின்னாடி வரைக்கும் பாருங்க சார், நிக்கக்கூட எடமில்ல! பொம்பளைங்க பக்கத்தப் பாருங்க, எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் புள்ளைங்க சார். நாலு வாரத்துல போன்ல வரும்னு இவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வந்திருக்காங்க! நான் சொன்னா நம்பலையே சார் நீங்க! ஏம்மா, எல்லாரும் கையக் காட்டுங்கம்மா, கம்பெனி மொதலாளி பாக்காரு! கையக் காட்டுங்க! அந்தா, அந்தப் புள்ளையப் பாருங்க சார், செவரேறிக் குதிச்சு வருது பாருங்க! ஆட வருது சார்! வா தாயி, வா வா, சாருக்கு ஒரு விசிலு அடிச்சுக் காட்டு—"

நிறுத்துங்க. அதற்கு அப்புறம் வேண்டாம். அதற்கு அப்புறம் எனக்குத் தெரியும்.

எனக்குக் கேட்கவே இல்லை அக்கா. அந்தச் சத்தத்தில். நானும் அடித்துக்கொண்டிருந்தேனா, அதில் எங்கே கேட்கும்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டா? வந்துவிட்டதா? மணி என்ன? மூன்று இருபதா? போய்விடலாம், ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். அந்தப் பையை எடுத்துக் கொடுங்க. உருண்டுவிட்டதா, விடுங்க, ஒரு சாத்துக்குடி போனால் போகிறது.

இறங்குகிறேன். வழி விடுங்க, இறங்குகிறேன். கேட்க வைத்திருந்த கேள்வி போய்விட்டது, இனி அங்கே போய் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கடைசியை மட்டும் இன்னொரு தடவை போடுங்க அக்கா. "வா தாயி" என்கிறாரே, அங்கேயிருந்து.

என்னிடம் விசில்தான் கேட்டிருக்கிறார்.